அப்பாவின் மேஜையில் ஓர் ஆபீஸ்!

2021 ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தே கால் மணி இருக்கும். மன்னார்குடியில் ஒரு பழைய வீட்டின் மாடி அறை. லேப்டாப் திரையில் பதினோரு பேர். நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன் என்று ஒவ்வொருவராக ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தார் அந்தப் பெண்.

வழக்கம்போல அம்மா காபி கொண்டுவந்தார். டம்ளரை மேஜையில் வைக்கும்போது கை நழுவி, காபி கீபோர்டு வரை ஓடியது. "என்னம்மா, பாத்து வைக்கக் கூடாதா?" என்று சிடுசிடுத்தபடி நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே உறைந்துபோனார். அம்மாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. ஏதோ சொல்ல வந்தார், சொல் குழறியது.

மீட்டிங்கை மூடக்கூடத் தோன்றவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சித்தியைக் கூப்பிட்டு, தெருமுனை ஆட்டோக்காரரின் காருக்குப் போன் செய்து, பதினொன்றே முக்காலுக்குத் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனை வாசலில் நின்றார்கள். மூளையில் ரத்தம் உறைந்து வரும் பக்கவாதத்துக்கு, அறிகுறி தெரிந்த நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் கட்டியைக் கரைக்க வாய்ப்பு உண்டு. நேரம் தாண்டினால் அந்த வாய்ப்பும் குறையும். அம்மாவுக்கு நேரத்தில் ஊசி போட்டார்கள். இன்று கைத்தடி ஊன்றி வாசல் வரை நடந்து, காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத் தேறியிருக்கிறார்.

"அன்னைக்கு நான் சென்னையில இருந்திருந்தா, அம்மாவை மறுநாள் காலையில பால்காரர்தான் பாத்திருப்பார்" என்கிறார் மகள். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் குரல் தாழ்ந்துவிடுகிறது.

சரியாக இரண்டே கால் வருடம் கழித்து, 2023 நவம்பரில், அதே மேஜையில் அதே லேப்டாப்பில் ஒரு மெயில் வந்தது. ஜனவரி முதல் எல்லோரும் வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகம் வர வேண்டும். அவருடைய அலுவலகம் இருப்பது சென்னைக்கு வெளியே சிறுசேரியில்.

அந்த மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவர் அப்பாவுடையது. பள்ளிக்கூட ஆசிரியர். காலாண்டு, அரையாண்டு வந்துவிட்டால் விடைத்தாள் கட்டுகளோடு வீட்டுக்கு வருவார். இரவு பத்து மணி வரை சிவப்பு மையில் திருத்திக்கொண்டிருப்பார். அப்பா மேஜையில் உட்கார்ந்தால் வீட்டில் ரேடியோ சத்தம்கூட இருக்காது. "அப்பா வேலை பாக்குறாரு, சத்தம் போடாதீங்க" என்று அம்மா உதட்டில் விரல் வைப்பார். அதே மேஜையில் மகள் உட்கார்ந்தபோது அந்த மரியாதை கிடைத்ததா என்பது தனிக் கதை.

சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலை அவருக்கு. கல்லூரி முடித்ததும் சென்னை. துரைப்பாக்கத்தில் ஹாஸ்டல், கல்யாணத்துக்குப் பிறகு மேடவாக்கத்தில் வாடகை வீடு. கணவருக்கு ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அவர் ஒரு திசையில், இவர் ஒரு திசையில். இருவரும் ஒருவரையொருவர் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஓ.எம்.ஆரில் கம்பெனி பஸ் நகரும் வேகத்தில் தினம் இரண்டரை, மூன்று மணி நேரம் போய்விடும்.

2016-ல் மகள் பிறந்தாள். அப்போது பிரசவ விடுப்பு 12 வாரம்தான். அதை 26 வாரமாக உயர்த்திய சட்டத் திருத்தம் வந்தது 2017-ல். இவருக்கு ஒரு வருடம் பிந்திவிட்டது. மூன்று மாதக் குழந்தையை யார் பார்ப்பது? அம்மா பையை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்தார். அப்பா பல மாதங்கள் மன்னார்குடியில் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு தனியாக இருந்தார். மகளின் வேலை நிலைக்க வேண்டும் என்பதற்காக வளைந்துகொடுத்தது ஓர் அம்மாவும் அப்பாவும். அதை யாரும் ‘ஃப்ளெக்ஸிபிள் வொர்க்கிங்’ என்று சொல்லவில்லை.

2018 தொடக்கத்தில் அப்பா இறந்துபோனார். அந்த நவம்பரில் கஜா புயல் வந்தது. டெல்டா முழுக்க தென்னைகள் சாய்ந்து கிடந்தன, வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. அம்மாவின் போன் மூன்று நாள் அடிக்கவே இல்லை. லீவு கேட்டுக் கெஞ்சி, கிடைத்த பஸ்ஸில் ஏறி, கடைசிச் சில கிலோமீட்டரை விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி நடந்துபோய் அவர் வீட்டைத் திறந்தபோது, அம்மா மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "நீ எதுக்குடி வந்த? வேலை போயிடப் போவுது" என்பதுதான் முதல் வார்த்தை.

அப்போதே வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியாது என்று பதில். பாதுகாப்பு, வாடிக்கையாளர் ஒப்பந்தம் என்று வரிசையாகக் காரணங்கள். எல்லாமே சாக்கு என்றும் சொல்லிவிட முடியாது. கால் சென்டர், பி.பி.ஓ போன்ற வேலைகளில் ஊழியர் வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டுமானால் அன்றைக்குத் தொலைத்தொடர்புத் துறையிடம் அனுமதி, வங்கி உத்தரவாதம் என்று ஏகப்பட்ட நிபந்தனைகள் இருந்தன. அவற்றை மத்திய அரசு பெருமளவு தளர்த்தியது 2020 நவம்பரில்தான்.

ஆனால் வேடிக்கை என்ன தெரியுமா? 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் வற்றிப்போனபோது, ஓ.எம்.ஆரில் சில நிறுவனங்கள் கழிவறைக்குத் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். தாய்க்காக முடியாதது தண்ணீருக்காக முடிந்தது. அதற்கடுத்த வருடம் மார்ச்சில் ஊரடங்கு வந்தது, மொத்த ஐ.டி துறையும் ஒரே வாரத்தில் வீட்டுக்குப் போனது. இத்தனை வருடம் சொல்லிவந்த காரணங்கள் எல்லாம் ஒரு வாரத்தில் எங்கே போயின என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

2020 ஜூனில் இ-பாஸ் வாங்கிக்கொண்டு, குழந்தையோடு மன்னார்குடி வந்து சேர்ந்தார். கணவர் வரவில்லை. வர முடியாது. அவர் ஓட்டும் இயந்திரத்தை ஒரகடத்திலிருந்து மாடி அறைக்குக் கொண்டுவர வழியில்லை. தொழிற்சாலை மறுபடி திறந்ததும் அவர் மேடவாக்கம் வீட்டைக் காலி செய்துவிட்டு, படப்பையில் மூன்று பேரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டார். மாதம் இரண்டு முறை மன்னை எக்ஸ்பிரஸ். வீட்டிலிருந்து வேலை என்கிற வசதி வந்தபோது ஒரே குடும்பத்திலேயே ஒருவருக்கு அது கிடைத்தது, இன்னொருவருக்கு இல்லை. நர்ஸுக்கு, பஸ் டிரைவருக்கு, ஜவுளிக்கடை விற்பனையாளருக்கு எல்லாம் அந்தப் பேச்சே இல்லை. எதிர்காலம் முழுக்க வீட்டிலிருந்துதான் என்று எழுதுகிறவர்கள் இவர்களை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வதே கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. திருபுவனத்தில் தறி வீட்டுக்குள்தான் இருக்கிறது. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. வீடும் வேலையும் ஒன்றாகிவிட்டால், வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்பதே தெரியாமல் போய்விடும் என்பதை லேப்டாப் வருவதற்கு முன்பே அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

மன்னார்குடியில் முதல் ஆறு மாதம் சிக்னலோடு சண்டை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூலையில்தான் போன் ஹாட்ஸ்பாட் ஓடும். மீட்டிங்கில் காக்கை கத்தும். ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளர், "அது என்ன பறவை?" என்று கேட்டிருக்கிறார். பிறகு கேபிள்கார அண்ணன் ஃபைபர் இழுத்துக் கொடுத்தார். டிசம்பரில் புரெவி மழை கொட்டித் தீர்த்த இரவில் ஒரு ரிலீஸ். கரன்ட் போய்விட்டது, இன்வெர்ட்டர் அலற ஆரம்பித்தது. அம்மா குடை பிடித்துக்கொண்டு தெருமுனை மெடிக்கல் ஷாப்காரரிடம் பேசி, அவர் கடை ஜெனரேட்டரிலிருந்து ஒரு பிளக் வாங்கிக் கொடுத்தார். இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து விடியற்காலை மூன்று மணிக்கு வேலையை முடித்தார். மறுநாள் குழு மொத்தமும் பாராட்டியது. கடைக்காரர் இன்றும் அவரைக் கண்டால், "என்ன பாப்பா, நம்ம கடை பிரான்ச் எப்ப திறக்கிறீங்க?" என்று கேட்பார்.

நல்லது நிறைய நடந்தது. மகள் மன்னார்குடியிலேயே பள்ளியில் சேர்ந்தாள், மாலையில் பாட்டியோடு ஹரித்ராநதி தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தாள். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த மூன்று மணி நேரம் திரும்பக் கிடைத்தது. வாடகை மிச்சம். அந்தப் பணத்தில் வீட்டுக்குக் கஜாவில் உடைந்த கூரையைச் சரி செய்தார்கள். அம்மாவுக்குப் பிசியோதெரபிக்கு ஆள் வரவழைக்க முடிந்தது. இதெல்லாம் எந்த நிறுவனத்தின் லாப நஷ்டக் கணக்கிலும் வராது.

நல்லது மட்டும் நடந்தது என்று எழுதினால் அது பொய்.

"வீட்லதானே இருக்கே?" அந்த ஐந்து வருடங்களில் அவர் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க, எதிர்வீட்டு அத்தையின் பென்ஷன் பேப்பரைப் பூர்த்தி செய்ய, உறவுக்காரர் வளைகாப்புக்கு முதல்நாளே வந்து பூ கட்ட, எல்லாவற்றுக்கும் இதே கேள்வி. அப்பா மேஜையில் உட்கார்ந்தால் அடங்கிப்போன வீடு, மகள் உட்கார்ந்தபோது அடங்கவில்லை. அம்மாவே மீட்டிங் நடுவில், "ஏடி, அந்தப் பெட்டியில பேசுனது போதும், வந்து புளியைக் கரைச்சுக் குடு" என்று கூப்பிடுவார்.

அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. பயண நேரம் மிச்சமாகிறதே என்று காலை எட்டு மணிக்கு ஒரு மீட்டிங் வந்தது. அமெரிக்க வாடிக்கையாளருக்காக இரவு ஒன்பதரைக்கு இன்னொன்று. நடுவில் இருக்கும் பகலும் வேலை நேரம்தான். வேலை நேரம் முடிந்த பிறகு அலுவலக அழைப்புகளை ஒதுக்கும் உரிமையை 2017-ல் பிரான்ஸும் 2024-ல் ஆஸ்திரேலியாவும் சட்டத்தில் கொண்டுவந்தன. மன்னார்குடி மாடி அறையில் அந்த உரிமையை அமல்படுத்தியது மகள்தான். ஒன்பது வயதுகூட ஆகாதவள், ஒருநாள் இரவு வந்து லேப்டாப்பை மடக்கிவிட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளுக்குள் குத்திக்கொண்டிருந்தது வேறொன்று. கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி. அவருக்கும் ஐ.டி வேலைதான், அவருக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. அதே லேப்டாப், அதே ஹெட்செட். ஆனால் அம்மா விழுந்த பிறகு, மன்னார்குடியில் இருப்பது அக்காவாகத்தான் இருக்க வேண்டும் என்பதை யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. அது தானாகவே நடந்தது. தம்பி பணம் அனுப்பினார், வீடியோ காலில் அம்மாவைப் பார்த்துக் கண் கலங்கினார், "அக்கா, நீ மட்டும் இல்லேன்னா..." என்று நெகிழ்ந்தார். நெகிழ்ந்தாரே தவிர, வரவில்லை. நெகிழ்வான வேலை நேரம் என்று சொல்லும்போது, வளைவது வேலையா, அல்லது வீட்டுப் பெண்ணா என்று கேட்டுப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

பதவி உயர்வும் இந்தக் கணக்கில்தான் வரும். 2022-ல் குழுத் தலைவர் பொறுப்பு காலியானது. சீனியாரிட்டியில் இவர்தான் முதல். கிடைத்தது, வாரத்தில் நான்கு நாள் தாமாகவே அலுவலகம் போய்வந்த இன்னொருவருக்கு. தவறு என்று யாரையும் குற்றம் சொல்ல அவரிடம் ஆதாரம் இல்லை. கண்ணில் படுகிறவர் நினைவில் நிற்கிறார், அவ்வளவுதான்.

இது அவருக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை. சீனாவின் பெரிய பயண முன்பதிவு நிறுவனம் ஒன்றில், 2010-ல் ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூம் தன் சகாக்களோடு ஒரு சோதனை நடத்தினார். கால் சென்டர் ஊழியர்களில் ஒரு பகுதியினர் ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். வேலைத்திறன் 13 சதவிகிதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் அதே அளவு நன்றாக வேலை பார்த்தும் அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. சோதனை முடிந்து, விருப்பப்படி தேர்ந்தெடுங்கள் என்றதும், வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். தனிமை தாங்கவில்லை.

அதே நிறுவனத்தில் பத்து வருடம் கழித்து 1,612 பேரை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. இந்த முறை வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு. 2024-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது. வேலைத்திறனிலும் பதவி உயர்விலும் வித்தியாசமே இல்லை. வேலையை விட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அதிகம் பலன் அடைந்தவர்கள் பெண்களும், நீண்ட தூரம் பயணம் செய்கிறவர்களும். சோதனைக்கு முன்பு, இதனால் வேலை கெடும் என்று நினைத்த மேனேஜர்கள், முடிந்த பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார்கள். கொஞ்சம் அங்கே, கொஞ்சம் இங்கே என்பதற்கு இருக்கும் நல்ல ஆதாரம் இது.

ஆனால் ‘வாரத்தில் மூன்று நாள்’ என்பது மேடவாக்கத்தில் இருக்கிறவருக்கு ஒன்று, மன்னார்குடியில் இருக்கிறவருக்கு வேறு. முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு மூன்று நாளும் ஐந்து நாளும் ஒன்றுதான்.

2020 ஏப்ரலில், 2025-க்குள் எந்த நேரத்திலும் எங்கள் ஊழியர்களில் 25 சதவிகிதம் பேர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று அறிவித்தது டி.சி.எஸ். 2023 அக்டோபரில் அதே டி.சி.எஸ் எல்லோரையும் வாரத்தில் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. நாட்டின் மிகப் பெரிய ஐ.டி நிறுவனம் அப்படி முடிவெடுத்தால், சின்ன நிறுவனங்கள் என்ன செய்யும்? இவருக்கு மெயில் வந்தது அடுத்த மாதமே.

சட்டத்தில் பிடிமானம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். பிரசவ விடுப்பு முடிந்த பெண், வேலையின் தன்மை இடம்கொடுத்தால், நிறுவனத்தோடு பேசி ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்கிறது 2017 திருத்தம். பக்கவாதம் வந்த அம்மாவுக்கு அதில் இடம் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒருவர் நெகிழ்வான வேலைமுறையைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். நிறுவனம் மறுக்கலாம், ஆனால் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டித்தான் மறுக்க முடியும். இங்கே மேனேஜரின் மனசுதான் சட்டம்.

நல்லவேளை, அந்த மனசு நல்ல மனசாக இருந்தது. வேலையை விடுவதாக மெயில் டைப் செய்து, அனுப்பாமல் இரண்டு நாள் வைத்திருந்தவர், மூன்றாம் நாள் போனில் பேசினார்.

"சார், என்னால வாரம் மூணு நாள் முடியாது. அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்தா லிஃப்ட் இல்லாத வீட்ல அவங்க அடைஞ்சு கிடப்பாங்க. பாப்பா ஸ்கூல் இங்க."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா, உனக்கு மட்டும் விதிவிலக்குன்னு எழுத முடியாது. மத்தவங்க கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். கேட்டா அவங்களுக்கும் குடுங்க."

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவரும் சிரித்துவிட்டார். அவருடைய அப்பாவும் ஊரில் தனியாகத்தான் இருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தக் குழுவில் எல்லோருமே வீட்டைக் கேட்கிறவர்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021-ல் சேர்ந்த ஒரு பையன், வடசென்னையில் ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேரோடு இருக்கிறவன். ஊரடங்கு முழுக்க அடுப்படி ஓரத்தில் அரிசிப் பானை மேல் லேப்டாப்பை வைத்துத்தான் வேலை கற்றுக்கொண்டான். அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவன் அவன்தான். ஏசி, அமைதி, தனக்கென்று ஒரு நாற்காலி. சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டில் கேட்கலாம். "அக்கா, நீங்க பத்து வருஷம் ஆபீஸ்ல கத்துக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போனீங்க. நான் எங்க கத்துக்கிறது?" என்று அவன் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. ஓ.எம்.ஆர் டீக்கடைகளுக்கும் வேன் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கேள்விதான், வேறு வார்த்தைகளில்.

கடைசியில் ஏற்பாடு இப்படி முடிந்தது. மாதத்தில் ஒரு வாரம், ஐந்து நாளும் சிறுசேரி அலுவலகம். மற்ற மூன்று வாரம் மன்னார்குடி. அலுவலகம் போகும் வாரத்தில் புதியவர்களுக்கு வேலை கற்றுத்தருவது அவர் பொறுப்பு. அந்த வடசென்னைப் பையன்தான் முதல் மாணவன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்வார்கள். அந்த ஆறாவது மாதம் வரும்போதெல்லாம் வயிற்றில் புளி கரைக்கும். இதுவரை நீட்டித்துக்கொண்டு வருகிறார்கள்.

நிரந்தர வழி வேறு எங்காவது இருக்கிறதா? இருக்கலாம். தொலைவிலிருந்து வேலை பார்ப்பதற்கு 1973-ல் ‘டெலிகம்யூட்டிங்’ என்று பெயர் வைத்தவர் ஜாக் நில்ஸ் என்கிற அமெரிக்கர். அவர் ஆரம்பத்தில் யோசித்தது வீட்டிலிருந்து வேலையை அல்ல. நகரத்தின் நடுவில் ஒரே பெரிய அலுவலகம் கட்டுவதற்குப் பதில், ஊழியர்களின் வீடுகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன அலுவலகங்கள் வைத்தால் என்ன என்பதுதான் அவருடைய கேள்வி. ஸோகோ நிறுவனம் கொரோனாவுக்குப் பல வருடம் முன்பே தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டது அந்த வழியில்தான். விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என்று 2024-ல் தமிழக அரசு அடுத்தடுத்து மினி டைடல் பூங்காக்களைத் திறந்தது. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரப் பயணம்தான். அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன ஒருநாள், மேலவஸ்தாசாவடியில் அந்தப் புதுக் கட்டடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவருடைய நிறுவனம் அங்கே இல்லை. ‘தஞ்சாவூர்ல பத்து சீட் எடுத்தா, டெல்டாக்காரங்க எத்தனை பேர் வருவோம் தெரியுமா’ என்று அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டிருக்கிறார். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. பரிசீலிக்கட்டும்.

அவர் சென்னையில் இருக்கும் அந்த ஒரு வாரம் மன்னார்குடியில் யார் இருப்பது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டுச் சித்தி பகலில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இரவுக்கு? பல வருடம் கேட்காத ஒன்றை, 2024 ஜனவரி முதல் வாரத்தில் தம்பியிடம் கேட்டார். கேட்டார் என்பதைவிடச் சொன்னார் என்பது சரி.

"மாசத்துல ஒரு வாரம் நீ வா. உன் லேப்டாப்பையும் எடுத்துட்டு வா. ஃபைபர் இருக்கு, இன்வெர்ட்டர் இருக்கு, அப்பா மேஜை இருக்கு."

"அக்கா, எனக்கு மீட்டிங்லாம் இருக்குமே..."

"எனக்கும் இருந்துச்சுடா."

முதல் தடவை வந்தபோது தம்பிக்கு ஊரே வேடிக்கையாக இருந்திருக்கிறது. இரண்டாம் நாள் எதிர்வீட்டு அத்தை பென்ஷன் பேப்பரோடு வந்து, "தம்பி, வீட்லதானே இருக்கே?" என்று கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் மதியம், சிறுசேரி கேன்டீனில் அந்தப் பையனோடு அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தம்பிதான். பின்னணியில் அம்மாவின் குரல் கேட்டது, யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவசரம். கிளையன்ட் லைன்ல இருக்காங்க, ம்யூட்ல போட்டிருக்கேன். அம்மா புளியைக் கரைச்சுக் குடுன்னு உயிரை வாங்குறாங்க. புளி எந்த டப்பாவுல இருக்கு?"

அக்கா இலையில் இருந்த அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அடுப்புக்கு மேல ரெண்டாவது தட்டு, நீல மூடி. வெந்நீர்ல ஊறவை. கரையறதுக்கு நேரம் ஆகும்டா, மீட்டிங்கை முடிச்சுட்டே கரைச்சுக் குடு. நான் அப்படித்தான் சொல்வேன், அவங்க கேக்க மாட்டாங்க."